முத்திரையும் மெய்ம்மையும்

வட இத்தாலியின் மானியாகோ ஊரில் செய்யப்பட்ட பழைய மடக்குக்கத்திகளைச் சேகரிப்போர், அலகு பிடியோடு இணையும் இடத்தில் பொறித்த எழுத்துகளைக் கொண்டே அவற்றின் பிறப்பை அறிய முயல்வதால், ஒரு பொருளின் அடையாளம் அதன்மேல் எழுதிய சொல்லில் உள்ளதா, அது உருவான வரலாற்றில் உள்ளதா என்னும் மெய்யியல் கேள்வி எழுகிறது. இக்கேள்விக்கு உதவும் வகையில் புனித அகுஸ்தீன், நெருப்பைக் காட்டும் புகை போன்ற இயற்கைக் குறிகளையும், ஒருவர் தம் எண்ணத்தை உணர்த்தவே வழங்கும் சொல் போன்ற தரப்பட்ட குறிகளையும் பிரித்துக் காட்டினார். கத்தியில் பொறித்த முத்திரை இரண்டாம் வகையது. ஆகவே அது பொய்யும் சொல்லக்கூடும். மெய் சொல்லும்போதும் அது சொல்வது சிறிதே: 'இத்தாலி' நாட்டை மட்டும் சுட்டும், 'இனாக்ஸ்' துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம், பொறித்த பெயரோ, செய்தவருடையதாக அன்றி இறக்குமதி செய்த வணிகருடையதாகவும் இருக்கலாம். சாணையில் தேய்ந்த அலகும் கொம்புப்பிடியின் வெடிப்பும் எவரும் சொல்ல எண்ணாத இயற்கைக் குறிகள் எனினும், பழமையை வலிந்து உண்டாக்கும் கைகளும் உள்ளமையால், அகுஸ்தீனின் பகுப்பு இங்கே சற்றுத் தடுமாறுகிறது. ஓவியத்தில் மூலத்தையும் போலியையும் பிரிப்பது அது உருவான வரலாறே என்று மெய்யியலாளர் நெல்சன் குட்மன் 1968இல் வாதிட்டது கத்திக்கும் பெரிதும் பொருந்தும். ஆனால் உண்மையான முத்திரை தாங்கிய அலகை வேறொரு பிடியில் பொருத்திவிட்டால், முத்திரை மெய்யாகவே நிற்க, கத்தி எது என்பது மட்டும் ஐயத்துக்குரியதாகிறது.