வாங்கும் தராசும் கொடுக்கும் தராசும்

புதியதொரு விஞ்ஞானச் செய்தி பத்திரிகையில் வந்துவிட்டால் நம் கடைவீதிகளில் மூன்று விதமான குரல்கள் எழக் கேட்கலாம். "இது ஆகாது, ஹராம்" என்பது ஒன்று. "இதில் புதுமை என்ன? நம் வேதத்தில் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டதே" என்பது இரண்டாவது. "நமக்கென்ன வந்தது? வியாபாரத்துக்கு லாபமா நஷ்டமா, அதைச் சொல்லும்" என்பது மூன்றாவது. இம்மூன்றும் வெவ்வேறு குரல்களாகத் தோன்றினாலும், செய்தியைப் படித்து முடிக்கும் முன்பே பிறந்துவிடுவதில் மூன்றும் ஒன்றே.

சகோதரர்களே! நாம் வியாபாரிகள். மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து மிளகு வாங்குகிறவர் நம்மில் யாருமில்லை. மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி, முகர்ந்து, கடித்துப் பார்த்து, ஈரம் உண்டா, கலப்படம் உண்டா என்று ஆராய்ந்த பின்னரே விலை பேசுகிறோம். பத்து வெள்ளிச் சரக்குக்கு இவ்வளவு விசாரணை செய்யும் நாம், மனிதனின் உயிரையும் மரணத்தையும் பற்றிய விஷயத்தில் மட்டும் சீட்டைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாமா?

உறுப்பு மாற்றுச் சிகிச்சை என்னும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர்களில் ஒருவருடைய சிறுநீரகம் மற்றவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட், இறந்த ஒரு பெண்ணின் இருதயத்தை எடுத்து வேறொருவர் மார்பில் வைத்தார். அந்த நோயாளி 18 நாட்களே உயிரோடிருந்தார். உலகெங்கும் அப்போது பேச்சு இதுவாகவே இருந்தது. அடுத்த மூன்றாண்டுகளுக்குள் அச்செய்தி நம் வாசலுக்கே வந்துவிட்டது. 1970 ஜூலை 8ஆம் தேதி, ஊட்ரம் ரோட்டிலுள்ள ஜெனரல் ஆஸ்பத்திரியில், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் சிங்கப்பூரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த ஆஸ்பத்திரி இன்றைய நகர வகுப்பின்படி புக்கிட் மேரா வட்டாரத்தைச் சேர்ந்தது. நம்மவர் பலர் பஸ்ஸில் கடந்து செல்லும் இடம். நம் வீட்டு நோயாளிகளுக்குச் சோறு கொண்டுபோகும் இடம்.

இது பற்றி நம் மார்க்க அறிஞர்கள் என்ன சொன்னார்கள்? 1973ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் பத்வாக் குழு இது கூடாதென்றது. 1986ஆம் ஆண்டில் அதே குழு, நிர்ப்பந்த நிலையில் சிறுநீரக தானம் கூடும் என்றும், அதற்கு நிபந்தனைகள் உண்டு என்றும் தீர்ப்பளித்தது. இதைக் கண்டு சிலர் நகைக்கிறார்கள். "பதின்மூன்று ஆண்டுகளில் மார்க்கம் மாறிவிட்டதோ?" என்று கேட்கிறார்கள்.

மார்க்கம் மாறவில்லை, கேட்கப்பட்ட விஷயம்தான் மாறிற்று. 1970களின் தொடக்கத்தில் அயலார் உறுப்பை உடல் ஏற்காமல் தள்ளிவிடுவதே பெருந்தொல்லையாக இருந்தது. வெட்டுவது நிச்சயம், பிழைப்பது சந்தேகம். 1980களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பழக்கத்துக்கு வந்தபின் அந்த நிலைமை வெகுவாக மாறியது. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது நம் சட்ட நூலோர் அறிந்த பழைய விதி. ஆனால் விலக்கப்பட்டதைச் செய்தால் அந்த நிர்ப்பந்தம் உண்மையிலேயே தீருமா என்றும் பார்த்தாக வேண்டும். தீருமா என்பது தெரியாதவரை மையித்தின் கண்ணியத்தைக் காப்பதும், தீரும் என்பது தெரிந்தபின் உயிரைக் காப்பதும் ஒரே விதியின் இரண்டு பயன்களாகவே நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆகவே முதற்குரலுக்கு நாம் சொல்வது இதுதான்: ஹராம் என்ற சொல் மிகக் கனமானது, அதைச் சொல்லுமுன் எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, நம் மனத்தை உறுத்த வேண்டிய பகுதிக்கு வருவோம். 1987ஆம் ஆண்டில் இந்நாட்டில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நிறைவேறியது. விபத்தில் இறப்பவர், உயிரோடிருக்கையில் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கவில்லையானால், அவருடைய சிறுநீரகத்தை எடுத்து நோயாளிக்குக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். முஸ்லிம்களுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. முஸ்லிம் ஒருவர் தாமாக முன்வந்து எழுதிக் கொடுத்தாலன்றி அவர் உறுப்பு எடுக்கப்படாது. மார்க்க உணர்ச்சியை மதித்து வழங்கப்பட்ட விலக்கு அது. ஆனால் அதற்கு மறுபக்கமும் ஒன்றிருந்தது. கொடுக்க ஒப்பாதவர், பெறுவோர் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டார். எழுதிக் கொடுக்காத முஸ்லிமுக்கும் அதே கதிதான்.

சிறுநீரகம் கெட்டவர் படும் பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் நம்மில் அரிது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்திகரித்து வாழ்கிறவர்களை நாம் அறிவோம். கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, தண்ணீரையும் அளந்து குடித்து, பட்டியலில் தம் பெயருக்கு எப்போது அழைப்பு வரும் என்று காத்திருக்கிறார்கள். அழைப்பு வந்தால், "இது யாருடைய சிறுநீரகம்? அவர் எந்த மதம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய நம்மவர் உண்டா? இருந்தால் அவர் கொள்கையுடையவர். அவருக்கு நம் ஸலாம். ஆனால் பெரும்பாலோர் ஏற்பார்கள். அல்லாஹ்வைப் புகழ்ந்தே ஏற்பார்கள். ஏற்பது ஆகும், கொடுப்பது ஆகாது என்று அவர்கள் சொல்வார்களேயானால், அந்த வழக்கு எந்தச் சபையில் செல்லும்?

அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கிக்கொண்டு, அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை எச்சரிக்கும் ஓர் அத்தியாயம் குர்ஆனில் உண்டு என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததல்ல. அதை நாம் இதுவரை படித் தராசுக்கும் முழக்கோலுக்கும் மட்டுமே பொருத்திப் பார்த்து வந்திருக்கிறோம். வாங்குவதற்கு ஒரு தராசும் கொடுப்பதற்கு வேறொரு தராசும் வைத்திருப்பது மிளகு விஷயத்தில் மோசடியானால், உயிர் விஷயத்தில் அதன் பெயர் என்ன?

2004ஆம் ஆண்டில் அச்சட்டம் விரிவுபெற்றது. கல்லீரல், இருதயம், கண்ணின் கருவிழிப் படலம் ஆகியவையும் அதில் சேர்ந்தன; விபத்து மட்டுமன்றி வேறு காரணங்களால் நேரும் மரணங்களும் அதற்குள் வந்தன. 2007ஆம் ஆண்டில் பத்வாக் குழு, முஸ்லிம்களும் இச்சட்டத்தில் சேரலாம் என்று தீர்ப்பளித்தது. 2008 ஆகஸ்டு 1 முதல் மற்றவர்களோடு முஸ்லிம்களும் அதற்கு உட்பட்டனர். 21 ஆண்டுகளுக்குப் பின் இரண்டு தராசுகளும் ஒன்றாயின.

இதனால் எல்லாச் சந்தேகங்களும் தீர்ந்துவிட்டன என்று நாம் சொல்லவில்லை. உடல் நம் சொத்தல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பிறருக்குக் கொடுக்க நாம் யார் என்று கேட்கிறவர் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அமானிதத்தை மண்ணுக்குக் கொடுப்பதைவிட, உடையவனின் இன்னொரு அடியானை வாழவைக்கக் கொடுப்பது உடையவனுக்கு விரோதமாகுமா என்றும் கேட்க வேண்டும். இறந்தோரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்போரின் எலும்பை முறிப்பது போன்றதே என்ற கருத்துடைய நபிமொழியை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அது கண்ணியத்தைக் காக்கச் சொன்னது. உயிரோடிருப்பவரின் வயிற்றை டாக்டர் அறுப்பதும் அறுப்புத்தான். அதை யாரும் அவமதிப்பு என்று சொல்வதில்லையே. மற்றவரின் இருதயம் வந்தால் ஈமானும் மாறுமோ என்று அஞ்சுவோரும் உண்டு. கணக்குக் கேட்கப்படுகிற உள்ளம் வேறு. இரத்தம் இறைக்கும் தசை வேறு.

இவற்றைவிடக் கடினமானது மூளைச் சாவு. மார்பு ஏறி இறங்குகிறது, உடல் சூடாயிருக்கிறது. ஆயினும் இறந்துவிட்டார் என்கிறார்கள். இயந்திரம்தான் மூச்சை நடத்துகிறது என்பது டாக்டருக்குத் தெரியும். தாயின் கண்ணுக்குத் தெரியுமா? அந்நோயாளிக்குச் சிகிச்சை செய்வதிலோ, உறுப்பைப் பெறுபவரைத் தேர்ந்தெடுப்பதிலோ சம்பந்தப்படாத இரண்டு டாக்டர்கள் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நல்ல காவல்தான். இருந்தும் 2007ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தார் டாக்டர்கள் முன் மண்டியிட்டு, இன்னும் சிறிது அவகாசம் தாருங்கள் என்று மன்றாடிய செய்தியைப் பத்திரிகையில் படித்தோம். அவர்களைப் பழிக்க நமக்கு மனம் வராது. இறந்தவர் தம் எண்ணத்தை உயிரோடிருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லாமற்போனால், அதன் பாரம் முழுவதும் அழுகிறவர் தலையில் விழுகிறது.

மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது நியாயமா என்பதும் ஒரு கேள்வி. உதுமானியர் காலத்துச் சட்டத் தொகுப்பான மஜல்லாவில் இது பற்றி ஒரு விதியுண்டு. பேசாதவன் மேல் பேச்சைச் சுமத்தக்கூடாது. ஆயினும் பேசவேண்டிய அவசியமுள்ள இடத்தில் பேசாமலிருப்பது பேசியதற்கே சமமாகும் என்பது அதன் கருத்து. ஆட்சேபிக்க விரும்புவோர் எழுதிக் கொடுக்க வழி திறந்திருக்கிறது. வழி திறந்திருந்தும் பேசாமலிருந்துவிட்டு, பிறகு "என்னை யார் கேட்டார்?" என்பது வியாபாரத்திலும் செல்லாது.

மூன்றாவது குரலையும் விட்டுவிடக் கூடாது. லாப நஷ்டம் பார்ப்பது குற்றமல்ல; ஆனால் எல்லாவற்றுக்கும் விலையுண்டு என்று எண்ணும்போது அது நாசமாகிறது. 2008ஆம் ஆண்டில் இதே சிங்கப்பூரில் செல்வந்தரான வியாபாரி ஒருவர் சிறுநீரகத்தை விலைக்கு வாங்க முயன்று அபராதமும் ஒரு நாள் சிறையும் பெற்றார். விற்க முன்வந்த இந்தோனேசிய இளைஞரும் சிறை சென்றார். 2004 சுனாமியில் வீடிழந்து, சென்னைக்கு வடக்கே எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் பலர் வறுமையால் தங்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007ல் வெளியாயிற்று. இந்தியாவில் 1994ஆம் ஆண்டிலேயே உறுப்பு விற்பனை சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தும் இது நடந்தது. பசித்தவனின் சம்மதம் சம்மதமாகுமா? அதற்கு ரசீது எழுதலாம். பரக்கத்து எழுத முடியுமா?

அதே தமிழகத்தில் 2008 செப்டம்பரில் வேறொன்றும் நடந்தது. சாலை விபத்தில் மூளைச் சாவடைந்த ஹிதேந்திரன் என்னும் பள்ளி மாணவனின் உறுப்புகளை, டாக்டர்களான அவனுடைய பெற்றோர் தானம் செய்தனர். ஒரு காசு வாங்கவில்லை. சென்னைப் போலீசார் வழியை ஒழுங்குபடுத்திக் கொடுக்க, அவன் இருதயம் நகரைக் கடந்து சென்று ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. உறுப்பு தானம் என்ற சொல் அதன்பின்தான் தமிழ்நாட்டின் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. உறுப்பு தானம் செய்வோரின் உடலுக்கு அரசு மரியாதை உண்டென்று 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது.

இரண்டாவது குரலுக்கு ஒரே வார்த்தை. எல்லாம் நம் வேதத்தில் முன்பே உள்ளது என்கிறீர்கள். பாஸ்டனிலும் கேப்டவுனிலும் பிறர் இரவு பகலாக உழைத்துக் கண்டுபிடித்த மறுநாள்தானா அது நம் கண்ணில் படுகிறது? வேதம் அறுவைச் சிகிச்சையைக் கற்பிக்க வரவில்லை. ஓர் உயிரை வாழவைப்பது மனிதகுலம் அனைத்தையும் வாழவைப்பதற்கு ஒப்பாகும் என்று கற்பிக்க வந்தது. அந்தப் பாடத்தைப் படித்தவர் நாமாயின், பிறர் வெற்றியில் உரிமை கொண்டாடுவதை விட்டு, அந்த உதவியில் பங்கு கொள்வதே முறை.

ஆகவே வியாபாரப் பெருமக்களை நாம் வேண்டுவது இவ்வளவுதான். விசாரியுங்கள், உலமாக்களையும் கேளுங்கள், டாக்டர்களையும் கேளுங்கள். விசாரித்தபின் மனம் ஒப்பாவிட்டால் முறைப்படி ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள்; அப்போது வரிசையில் பின்னால் நிற்கவும் சித்தமாயிருங்கள். மனம் ஒப்பினால் மனைவி மக்களை அழைத்து அதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். கொடுக்கல் வாங்கல்களை எழுதி வைக்காமல் கண்மூடுகிற வியாபாரியை நாம் மெச்சுவதில்லை. பற்றேட்டையும் வரவேட்டையும் ஆண்டுதோறும் நேர்செய்கிற நாம், இந்த ஒரு கணக்கை மட்டும் ஏன் திறந்தே வைத்திருக்க வேண்டும்?

நேரான தராசைப் பிடிக்கும் கைகளை வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.