பிராணனும் நீரும்

சாந்தோக்ய உபநிஷதத்தின் 6-ஆம் அத்தியாயத்தில், உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை 15 நாட்கள் உணவின்றி இருக்கப் பணிக்கிறார். நீரை மட்டும் விரும்பிய அளவு பருகச் சொல்கிறார். பிராணன் நீர்மயமானது, நீர் அருந்துபவனை அது விட்டு நீங்காது என்பது அவர் கூறும் காரணம். நோன்பின் முடிவில் மகனுக்கு வேதம் நினைவில் எழவில்லை, உயிரோ நிலைத்திருந்தது. உண்டபின் நினைவும் மீண்டது.

வளர்ந்தவர் உடலில் 50 முதல் 60 சதவீதம் நீரே. குருதி ஓடுவதும், வியர்வையால் உடல் குளிர்வதும், சிறுநீரகம் கழிவை வெளியேற்றுவதும் அதைக் கொண்டுதான். முதுமையிலோ தாக உணர்வு மங்கிவிடுகிறது. கோடை வெயிலில் வரும் நிர்ஜலா ஏகாதசியில் ஒரு துளியும் அருந்தமாட்டேன் என உறுதி பூணும் முதியோர், உத்தாலகர் தம் இளம் மகனுக்கே நீரை விலக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இதய, சிறுநீரக நோயுடையோர் மட்டும் மருத்துவர் குறித்த அளவிலேயே பருகட்டும்.