நுகத்தைப் பாரமாக்கிய அரசன்



சாலமோன் மன்னன் இறந்தபின் அவன் மகன் ரெகபெயாம் முடிசூடச் செக்கேமுக்குச் சென்றான். அங்கே கூடிய மக்கள் அவனிடம் ஒன்றையே கேட்டனர். தந்தை சுமத்திய நுகத்தை மகன் இலேசாக்க வேண்டும். அப்படியாயின் அவனுக்குப் பணிந்திருப்பர். முதியோர் இணங்கும்படி ஆலோசனை கூறினர். அரசனோ தன்னோடு வளர்ந்த இளைஞரின் சொல்லைக் கேட்டு, நுகத்தை இன்னும் பாரமாக்குவதாக அறிவித்தான். பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் பிரிந்தன. அரசர் ஆகமம் கூறும் இவ்வரலாறு நமக்குப் புதியதன்று. நாமும் அதைக் கண்டவர்களே.

தர்மிஷ்ட சமுதாயம் அமைப்பதாகக் கூறி 1977இல் ஆட்சிக்கு வந்தவர் ஜே. ஆர். ஜயவர்தன. தமிழ் பேசும் மக்களுக்குக் கல்வி, மொழி, குடியேற்றம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் குறைகள் உண்டென்று அவருடைய கட்சியின் தேர்தல் விஞ்ஞாபனமே ஒப்புக்கொண்டது. நோய் இன்னதென்று அறிந்த வைத்தியர் அவர். கொடுத்த மருந்து என்ன?

1979 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிறந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. டிசம்பர் 31க்கு முன் பயங்கரவாதத்தை ஒழித்துவிடும்படி பிரிகேடியர் வீரதுங்கவுக்குக் கட்டளை போயிற்று. மனிதர் மனத்திலுள்ள கசப்பை நாட்குறித்து ஒழிக்க முடியுமோ?

அச்சட்டப்படி, 2022 வரை அமைச்சரின் கட்டளையில் ஒருவரை வழக்கின்றி 18 மாதம் தடுத்துவைக்க முடிந்தது. பொலிஸ் உதவி அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் பாரம் கைதியின் தலையில். மூன்றாண்டுக்கு மாத்திரம் என்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று.

அன்று ஆயுதம் ஏந்தியோர் செய்த கொலைகளை நாம் நியாயப்படுத்தவில்லை. கொல்பவன் எவனாயினும் ஐந்தாம் கட்டளை ஒன்றே. மக்களைக் காப்பது அரசின் கடமை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிலரைத் தேடப் போய் ஓர் இனத்தின் இளைஞர் அனைவரையும் சந்தேகத்திற்குரியோராக்கியபோது, அந்தச் சிலரின் பின்னே பலர் திரண்டனர். 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் அரசின் காவலிலேயே, வெலிக்கடைச் சிறையில், 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். ஆறு மாதத்தில் முடிப்பதாகச் சொன்ன காரியம் 2009 வரை நீண்ட யுத்தமாயிற்று. நீதியை வெளியே நிறுத்திவிட்டுப் பாதுகாப்பை உள்ளே அழைத்தால், அது வந்து தங்குவதில்லை.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். ஒருவர் கழுத்துக்கென்று செய்த நுகம் அந்தக் கழுத்தோடு நின்றுவிடாது. 2019 உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் முஸ்லிம் சகோதரர் பலரும், 2022இல் கொழும்பில் போராடிய மாணவத் தலைவர்களும் அதே சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டனர். நம் ஆலயங்களிலே இரத்தம் சிந்தியவர்களுக்கு நீதி வேண்டும். அந்த நீதியை அநீதியால் தேடலாகாது.

அன்பார்ந்தவர்களே, ஜனாதிபதியைக் குறைகூறுவது எளிது. நம்மையும் ஆராய்வோம். அயல் வீட்டுப் பிள்ளையைப் பிடித்துச் சென்றால், நெருப்பில்லாமல் புகையுமா என்று நாமே தீர்ப்பிடுவதில்லையா? அதிலும் வேறு சமயத்தவர் பிள்ளையென்றால் வாய்மூடி இருப்பதில்லையா? நம் பிள்ளைகளுக்காகத் தென்னிலங்கையில் எவராவது பேசமாட்டாரோ என்று ஏங்கிய நாட்களை மறந்தோமா?

சிறையிலிருந்தபோது நம்மைப் பார்க்க வந்தாயா என்று ஆண்டவர் இறுதி நாளிலே கேட்பார். குற்றவாளியா, நிரபராதியா என்று அவர் பிரித்துக் கேட்கப்போவதில்லை. வழக்கின்றி வாடுவோரின் வீட்டுக்கு இவ்வாரமே செல்லுங்கள். அவர்கள் எம்மதத்தவராயினும் அந்தத் தாயின் பக்கத்தில் அமருங்கள். நுகத்தை இலேசாக்கும் மனத்தை ஆள்வோருக்கும், அதைக் கேட்கும் துணிவை நமக்கும் தரும்படி இறைவனை மன்றாடுவோம்.