ஓசி என்றொரு சொல்

ஒரு செய்தியைக் கேட்டதும் யோசிக்காமல் வாயில் வந்துவிழும் சொல்லுக்கு நாம் பொறுப்பா? 'சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்' என்று தள்ளிவிடுகிறோம். யோசித்துப் பேசும்போது எல்லோரும் சமத்துவம் பேசிவிடலாம். யாரை மதிக்கிறோம், யாரை மதிப்பதில்லை என்பது யோசிக்காத பேச்சில்தான் தெரிகிறது. வாகனங்களைப் பற்றிய நம் பேச்சையே எடுத்துக்கொள்ளலாம்.

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல் நாள். நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் வந்து வாக்களித்தார். பெட்ரோல் விலை உயர்வுக்கு எதிர்ப்பு என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அவருடைய ரோல்ஸ் ராய்ஸ் கார் செய்தியானது. 2012இல் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த அந்தக் காருக்கு நுழைவு வரி கேட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. தீர்ப்பில் இருந்த கடுமையான கருத்துகளை நீக்கக் கோரி அவர் மேல்முறையீடு செய்தார். 2022 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவற்றை நீக்கியது.

தன்மேல் விழுந்த சொல் வலிக்கிறது என்று முறையிட எவருக்கும் உரிமை உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை. அதே 2022 செப்டம்பரில் இன்னொரு சொல் விழுந்தது. அப்போது அமைச்சராக இருந்த பொன்முடி, நகரப் பேருந்துகளில் பெண்களின் கட்டணமில்லாப் பயணத்தை ஒரு விழா மேடையில் 'ஓசி' என்று குறிப்பிட்டார். கோவைப் பகுதியில் ஒரு மூதாட்டி, காசு கொடுத்துத்தான் டிக்கெட் வாங்குவேன் என்று நடத்துநரிடம் மல்லுக்கு நின்ற காணொளி பரவியது. அவருக்கு வலித்ததா என்று கேட்டவர்கள் குறைவு. எந்தக் கட்சி அவரை அனுப்பியது என்பதே பேச்சாயிற்று. அமைச்சர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் சொல் போகவில்லை. அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வெள்ளைப் பலகைப் பேருந்துக்காக நிற்கும் பெண்களின் காதில் அது இன்றும் விழுகிறது. உட்கார இடம் கேட்டால், "ஓசிதானே, நின்னுட்டு வாம்மா." நிறுத்தம் தாண்டிவிட்டால், "ஓசியில வந்துட்டு இதுல கேள்வி வேற." இந்தச் சொல்லை நீக்க அவர்கள் எந்த அமர்வில் முறையிடுவது?

ஓசி என்ற சொல்லுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து ஒரு கதை சொல்வார்கள். கம்பெனி வேலையாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாது. அவற்றின்மேல் போட்ட ஆங்கில எழுத்துகளே ஓசி ஆயின என்பார்கள். கதை உண்மையானால், ஓசி முதலில் அதிகாரத்தில் இருந்தவர்களின் சலுகை. இன்று அது இல்லாதவர்களுக்கான ஏளனம்.

இருப்பவர்களுக்குச் சலுகை இல்லாமல் போய்விடவில்லை. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. விலை பத்து லட்சமானாலும் ஒரு கோடியானாலும் அதே 5தான். தமிழ்நாடு அரசும் 2020 நவம்பரில் மின்வாகனங்களுக்குச் சாலை வரியிலிருந்து முழு விலக்கு அளித்து, பின்னர் அதை நீட்டித்தது. காற்று மாசு குறைய வேண்டும், தொழில் வளர வேண்டும் என்ற காரணங்கள் நியாயமானவையே. ஆனாலும் அரசு வாங்காமல் விடும் வரியும் ஊர்ப் பணம்தான். கோடி ரூபாய்க் காரில் போகிறவரைப் பார்த்து 'ஓசியில் போகிறார்' என்று எவரும் சொல்வதில்லை. அங்கே அதன் பெயர் ஊக்குவிப்பு. தொழிற்பேட்டை ஏற்றுமதி ஆடைக் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறவள் டிக்கெட்டுக்குக் காசு தராவிட்டால் மட்டும் அது இலவசம், ஓசி, பிச்சை.

இந்த ஏளனத்துக்கு நம் தரப்பில் சொல்லும் பதில் ஒன்று உண்டு. இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. அந்தப் பணம் வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் போகிறது என்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தப் பதிலில் எனக்கு ஒரு நெருடல். அவள் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் பயன் காட்ட வேண்டும் என்று நாமும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். வேலைக்குப் போனாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள், ரேஷனுக்குப் போனாள் என்றால் சரி. ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி மெரினாவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள் என்றால்? "ஃப்ரீ பஸ் விட்டதும் பொம்பளைங்க ஊர் சுத்த ஆரம்பிச்சுட்டாங்க" என்பார்கள். ஆண் ஊர் சுற்றினால் அனுபவம்; பெண் சுற்றினால் அந்தச் சொல்லே வசவு.

சொகுசு என்றால் தோல் இருக்கையும் குளிர்சாதனமும் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், யார் காசில் போகிறாய் என்று எவரும் கேட்காமல் போய்வர முடிவதே பெரிய சொகுசு. கார் வைத்திருப்பவருக்கு அது காரோடு சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. பேருந்தில் போகிறவளுக்கும் அது வேண்டும்.

எனவே அடுத்த முறை யாராவது ஓசி பஸ் என்று சிரித்தால், 888 ரூபாய்க் கணக்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டாம். அவள் கடல் பார்க்கத்தான் போகிறாள், அதற்கென்ன என்று கேட்போம்.