பூஞ்சையும் இயற்கை, கருமையும் இயற்கை

"இது இயற்கைப் பொருள், ஆகவே தீங்கில்லை" என்னும் வாசகம் அழகுப் பொருள்களின் உறைமீது நற்சான்றிதழ்போல் அச்சிடப்படுகிறது. அதனைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம்.

கோஜிக் அமிலம் என்று ஒன்று உண்டு. வேகவைத்த அரிசியில் சப்பானியர் வளர்க்கும் பூஞ்சைக்குக் 'கோஜி' என்று பெயர். சாக்கே என்னும் அரிசி மதுவும் மிசோவும் சோயாச் சாறும் அதனால்தான் உருவாகின்றன. அதிலிருந்து 1907-இல் பிரித்தெடுக்கப்பட்டதே இவ்வமிலம். மது வடிப்போரின் கைகள் வெளுத்திருந்தன என்றொரு கதையும் உலவுகிறது. விற்பனைக்கு நன்கு உதவும் கதை!

நம் தோலில் மெலனின் என்னும் கருநிறமி உண்டாக ஒரு நொதி வேண்டும்; அந்நொதி இயங்கச் செம்பு வேண்டும். கோஜிக் அமிலம் அச்செம்பைப் பற்றிக்கொள்ள, நொதி முடங்குகிறது. நறுக்கிய பழம் கறுக்காதிருக்கவும் இதே அமிலம் பயன்படும். ஆக, இயற்கையான ஒரு பொருளைக் கொண்டு இயற்கையான ஒரு செயலைத் தடுக்கிறோம். வெயிலின் புறஊதாக் கதிர்களுக்கு எதிராக உடல் தானே விரிக்கும் குடையன்றோ மெலனின்? பூஞ்சைக்குத் தரும் மதிப்பைத் தோலுக்கு ஏன் மறுக்கிறோம்?

தீங்கில்லை என்பதும் அத்துணை எளிதன்று. விலங்குகளில் கண்ட கல்லீரல் கட்டிகளால் சப்பான் அரசு 2003-இல் இதன் பயன்பாட்டை நிறுத்தி, மேலும் ஆய்ந்தபின் 2005-இல் மீண்டும் இசைவளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் முகப்பூச்சிலும் கைப்பூச்சிலும் 1 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என வரம்பிட்டுள்ளது.

செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் சேர்த்தே அறநெறியியல் எடைபோடும். பேறுகாலத்தில் கன்னத்தில் படர்ந்த மங்குக்கு மருத்துவர் சொற்படி ஒரு பெண் இதைப் பூசுகிறாள்; அதில் குறைகாண எதுவுமில்லை. மற்றொரு வீட்டில், பெண் பார்க்க வருமுன் தாய் தன் மகளுக்குக் கோஜிக் சோப்பை வாங்கித் தந்து, இருவேளையும் தேய்க்கச் சொல்கிறாள். பொருள் ஒன்றே. ஆயினும் இங்கே மகள் தன் மேனியையே குற்றமாகக் கருதக் கற்றுக்கொள்கிறாள். தாயைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. "நிறம் கொஞ்சம் கம்மி" என்று போன முறை வந்தவர்கள் சொல்லிச் சென்றதை அவள் மறக்கவில்லை. அச்சமே அவளைக் கடைக்கு அனுப்பியது. "சிவந்த நிறமுடைய மணமகள் தேவை" என்று விளம்பரம் கொடுப்போரும் நம்மோடு ஒரே பீடத்தின்முன் மண்டியிடுவோரே. முதலில் அவர்களிடந்தான் நாம் பேசவேண்டியிருக்கிறது.