புகையின் விலாசம்

மின்சாரக் கார் வாங்கியவர்களிடம் ஒரு புதிய முகபாவத்தை ராஜபாளையத்தில் பார்க்கிறேன். பெட்ரோல் செலவு மிச்சம் என்கிற திருப்தியல்ல அது. குளித்து முழுகி வந்தவனின் திருப்தி. மற்றவர்கள் இன்னும் குளிக்காதவர்கள். வண்டியை விட இந்தச் சுத்த உணர்வுதான் விசாரணைக்கு உரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கணக்கு. இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர்; தினம் போய்வர 24. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், இந்தப் பயணத்தில் 3.7 கிலோவை விடுகிறது. மின்சாரக் காருக்கு, சார்ஜ் ஏறுகையில் விரயமாவதையும் சேர்த்து, 4 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் மின்சாரம் சராசரியாக யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வாயுவை எங்கோ விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஆக, 2.8 கிலோ. நாளுக்கு ஒரு கிலோகூட முழுதாக மிஞ்சவில்லை. 30 யூனிட் கொள்ளும் பேட்டரியைச் செய்வதிலேயே இரண்டு மூன்று டன் வெளியாகிவிடுகிறது. வருஷத்துக்கு 300 நாள் ஓட்டினாலும் அந்தக் கடன் தீர ஏழெட்டு வருஷமாவது ஆகும். பெட்ரோலைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும் புகையையும் எதிர்ப்பக்கம் எழுதினால் கொஞ்சம் முன்னதாகத் தீரும். லாபம் உண்மைதான். ஆனால் அது சிறியது, தாமதமாக வருவது. தீர்த்தமாடிய முகத்துக்கு இது போதாது.

லாபம் வேறொரு இடத்தில் உடனடியாகக் கிடைக்கிறது. பழைய பஸ் நிலையப் பக்கம் நெரிசலில் நிற்கும் பெட்ரோல் கார், தன் நஞ்சை நடந்துபோகும் குழந்தையின் மூக்கு உயரத்தில் விடுகிறது. மின்சாரக் கார் விடுவதில்லை. இது அற்பமல்ல. ஆனாலும் இங்கே நடந்திருப்பதில் பெரும்பகுதி புகையின் ஒழிப்பு அல்ல, புகையின் விலாச மாற்றம். புதிய விலாசங்களில் ஒன்று தூத்துக்குடி. அங்கே 1979-இல் முதல் அலகு தொடங்கிய அனல்மின் நிலையத்துக்குக் கப்பலில் நிலக்கரி வந்தது, எரிந்து சாம்பலாயிற்று. இன்னொன்று கூடங்குளம். 2013-இல் மின்தொகுப்போடு இணைந்த அந்த உலை புகை விடுவதில்லை, பயத்தை விடுகிறது. அதற்கு முன்பே, 2011-இல், இடிந்தகரை ஜனங்கள் கடற்கரையில் உட்கார்ந்து சொன்னது அதைத்தான். சில வகை பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட்டின் விலாசம் இன்னும் தூரம்: உலகத்துத் தேவையில் பாதிக்கு மேல் காங்கோவில் தோண்டப்படுகிறது.

அழுக்கை இடம் மாற்றிவிட்டு அதற்குச் சுத்தம் என்று பெயர் வைப்பது நமக்குப் புதிதல்ல. அக்ரஹாரமும் ஊர்த்தெருவும் சுத்தமாக இருந்தது, அழுக்கு இல்லாததால் அல்ல. அழுக்கையும் அதைச் சுமக்கும் ஜனங்களையும் ஊருக்கு வெளியே குடிவைத்ததால். ஆசாரத்தின் சாரம், விளைவைக் கண்ணிலிருந்து அப்புறப்படுத்துவது. மின்சாரக் காரின் பெருமையில் இந்தப் பழைய ஆசாரத்தின் குரல் எனக்குக் கேட்கிறது. பெட்ரோல் கார் மட்டும் இதற்கு விலக்கா? இல்லை. எண்ணெய்க் கிணறும் சுத்திகரிப்பு ஆலையும் அதன் சேரிகள். கடைசித் துளி அழுக்கை மட்டும் தன் வாலில் காட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடும்போது வடம் வீதியில் கிடக்கிறது. நகர்வதும் நகர்த்துகிற பாரமும் ஒரே இடத்தில், ஒரே கூட்டத்தின் கண்முன்னால். அதை இலட்சியமாக்கி நான் எவரையும் பின்னுக்கு அழைக்கவில்லை. ஆனால் நம் வாகனங்களில் அந்த வடம் கண்ணுக்குத் தெரியாத நீளத்துக்குப் போய்விட்டது. மறுமுனையில் யார் இழுக்கிறார்கள் என்ற கேள்வியும் அதோடு போய்விட்டது.

இரண்டுக்கும் தார்மீகமான வித்தியாசம் ஒன்று உண்டு. பெட்ரோல் கார் பிறக்கும்போதே முடிந்துபோன வாக்கியம். கடைசி நாள்வரை பெட்ரோலைத்தான் எரிக்கும். மின்சாரக் காரின் வாக்கியம் முடியவில்லை. செங்கோட்டைக் கணவாயில் ஆனி ஆடிக் காற்று காற்றாலையைச் சுற்றினால் அதையும் ஏற்கும். 2016-இல் கமுதியில் நிறுவிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தையும் ஏற்கும். ஆனால் நாம் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும் ராத்திரியில் சூரியனும் இல்லை. அப்போது நிலக்கரிதான் பெரும்பாலும் விழித்திருக்கிறது. இந்தக் காரின் நன்னடத்தை ஓட்டுகிறவன் கையில் இல்லை. மின்வாரியமும் அரசும் ஊரும் நிறைவேற்றவேண்டிய வாக்குறுதியை அவன் முன்கூட்டியே வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறான்.

ஆகவே, புதிதாகக் கார் வாங்கியே தீரவேண்டியவன் மின்சாரக் காரையே வாங்கட்டும் என்பேன். 12 கிலோமீட்டர் பஸ்ஸில் போகமுடிந்தவன் இரண்டையும் வாங்காமலிருக்கட்டும். வாங்குகிறவன் புண்ணியவானாக அல்ல, கடனாளியாக வாங்கட்டும். கடனாளிக்குத் தன் கடன்காரர்களின் விலாசம் தெரிந்திருக்கும். தூத்துக்குடியில் சாம்பல் எங்கே கொட்டப்படுகிறது, இடிந்தகரைக்குப் பதில் சொல்வது யார் என்று அவன் கேட்பான். தன்னைச் சுத்தமானவன் என்று நினைப்பவனுக்குக் கேட்க எதுவுமில்லை.