எந்தப் படம் முக்கியம்?

"இதிலே முக்கியமான படம் எதுங்க?" என்று, கறுப்பு வெள்ளை பிலிம் கழுவித் தரும் கடையில் சுருளை வாங்கிக் காகித உறைக்குள் போட்டுக்கொண்டே அந்த மனிதர் கேட்ட கேள்வி, பெரியம்மாவின் படங்கள் பழுதில்லாமல் வந்து சேர்ந்து, பார்த்தவர்களெல்லாம் மெச்சிய பிறகும், என் மனத்தை விட்டு அகலவில்லை. "எல்லாமே வேண்டியதுதான்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார்; பிறகு உறையின்மேல் என் பெயரை எழுதிக்கொண்டார்.

சம்பிரதாயத்துக்குக் கேட்ட கேள்வி அல்ல அது. ஒரு சுருளிலுள்ள 36 படங்களும் ஒரே தொட்டியில், ஒரே ரஸாயனத்தில், ஒரே கால அளவுதான் ஊற முடியும். உச்சி வெயிலில் வெள்ளைப் புடவையோடு முற்றத்தில் நிற்கும் பெரியம்மாவுக்காக டெவலப்பரில் ஒரு நிமிஷத்தைக் குறைத்தால் புடவையின் மடிப்புகள் பிழைக்கும். ஆனால் அதே நிமிஷக் குறைவினால், கூடத்து மங்கலில் பெரியம்மா முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்த படங்கள் சோகை பிடித்துப்போகும். ஒன்றை முக்கியம் என்று சொல்லுவது மற்றவற்றை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பது. இதை நன்கு அறிந்த ஒருவர், அறிந்த காரணத்தினாலேயே, என்னைக் கேட்டார்.

என் சித்தப்பா யாரிடமும் பிலிம் கழுவக் கொடுத்தவரல்லர். உதகமண்டலத்து அரசாங்கத் தொழிற்சாலையிலிருந்து வந்த இந்து பிலிமை வாங்கிப் படமெடுத்து, இரவில் சமையற்கட்டு ஓய்ந்த பின் அங்கேயே கழுவுவார். 1927-இல் கோடாக் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான டி-76 என்ற டெவலப்பரை, லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், வெண்காரம் 2 கிராம் என்று பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துத் தாமே கலந்துகொள்வார். சல்பைட் முழுவதையும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாது என்பதால், அதில் ஒரு சிட்டிகை மட்டும் தூவி, மெட்டாலைக் கரைத்த பிறகே மற்றதைச் சேர்க்கும் அவருடைய பொறுமை எனக்கு அந்த வயதில் ஒரு வழிபாடாகத் தோன்றிற்று. சித்திரை மாதத்தில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். அதை 20 டிகிரிக்கு இறக்குவதற்காகப் பனிக்கட்டி வாங்கிவர என்னை அனுப்புவார். ஹைப்போவில் ஊறி, தண்ணீரில் அலசிய பிலிமைக் கொடியில் தொங்கவிட்டு, கீழே கனத்துக்கு ஒரு கிளிப்பும் மாட்டிவிட்டால், அது உலரும்வரை வீட்டில் மின்விசிறி சுழலக் கூடாது. ஈரப் பரப்பில் தூசி படிந்தால் அது படத்தோடு நிலைத்துவிடும் என்பார். வியர்த்துக்கொண்டு நாங்கள் அத்தனை பேரும் அந்த நெகடிவுக்குக் காவல் இருந்தோம்.

அவரை யாரும் எது முக்கியம் என்று கேட்டதில்லை. தொட்டியைக் கையில் எடுக்கும்போதே அவர் அதைத் தீர்மானித்திருப்பார். தீர்மானித்ததை எங்களிடம் சொன்னதில்லை.

ஆயினும், காந்தியடிகளை அவருடைய கடைசி நாளில் படமெடுத்த கார்த்தியே-பிரஸ்ஸோன், இருட்டறை வேலையில் நாட்டமில்லாமல், பாரிஸில் 1950-இல் பியேர் காஸ்மான் தொடங்கிய கூடத்திடம் அதை ஒப்படைத்திருந்தார் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது. அதே காலத்து அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸோ, நெகடிவைச் சங்கீதத்தின் ஸ்வரக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டு, இரண்டையும் தம் கையாலேயே செய்தவர். இவர்களில் ஒருவருக்குச் சிரத்தை குறைவு என்று சொல்ல எவருக்கும் நா எழாது. பிரியமானதைப் பிரியமுள்ள கைதான் தொடவேண்டுமென்பது என் சித்தப்பாவின் தர்மம். தேர்ந்த கை தொட்டால் போதும் என்பது மற்றொரு தர்மம். பிரசவத்திலும் வைத்தியத்திலும், அந்திமக் காலத்துப் பணிவிடையிலுங்கூட, நாம் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று தவிப்பவர்களே. என் மனம் சித்தப்பாவின் பக்கம் சாய்கிறது; ஆனால் பெரியம்மாவின் முகத்தில் ஒரு சுருக்கமும் கெடாமல் கொண்டுவந்து கொடுத்தவர், பெரியம்மாவை ஒரு நாளும் பார்த்திராத அந்த மனிதர். அந்தச் சுருளை வீட்டிலேயே கழுவியிருந்தால் எந்தப் படத்தை முன்னிட்டுக் கழுவியிருப்பேன் என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் விடையில்லை.

1984-இல் இறந்த காரி வினோகிராண்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், கழுவப்படாத சுருள்களாகவே ஏறத்தாழ 2,500 விட்டுச் சென்றார். ஒளி பட்டு, கழுவப்படாமல் கிடக்கும் பிலிமில் பதிந்திருப்பது நாளாக ஆக மங்கும். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் விரைவாக மங்கும். ஆகவே, வீட்டிலா கடையிலா என்பதை உங்கள் மனம் சொல்லுகிறபடி செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களின் முகம் பதிந்த சுருள் எதையும் அலமாரியில் மாத்திரம் கிடக்க விடாதீர்கள்.